தொழில்வழிச் சிகிச்சையில் முதுநிலைக் கல்வி: ‘தொழில்’ என்னும் சொல்லை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் வழங்கும் மருத்துவத்துறையில் முதுநிலைக் கல்வி பெறும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிற துறைப் பட்டதாரிகள் முதுநிலைப் படிப்பின் வழியே இத்துறைக்குள் நுழைய மேலைநாடுகள் சில வழிவகுத்துள்ளன. இந்தியாவில் அவ்வழி இல்லை. இவ்வேறுபாட்டை விளக்கும் இக்கட்டுரை, தமிழ்நாட்டில் இக்கல்வி ஆங்கிலத்தில் நிகழ்வதால் நோயாளியின் அன்றாடச் செயல்கள் தமிழில் எவ்வாறு கேட்கப்படுகின்றன, எவ்வாறு பதிவாகின்றன என்பதை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் தொழில்முதல்நிலைகள் இதற்கு எந்த அளவில் உதவும் என்பதும் எடுத்துக்காட்டுடன் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொழில்வழிச் சிகிச்சை, முதுநிலைக் கல்வி, மறுவாழ்வு, தொழில்முதல்நிலை, கலைச்சொல், பூக்கட்டுதல்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் கண்டு வலக்கை செயலிழந்தது. மருத்துவமனை ஒன்றின் மறுவாழ்வுப் பிரிவில் இளைஞர் ஒருவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “பாட்டி, என்ன தொழில் செய்றீங்க?” என்று கேட்டார். அப்பத்தா சற்றும் தயங்காமல், “தொழிலெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வீட்டுல சும்மாதேன் இருக்கேன்” என்றார். படிவத்தில் ‘இல்லை’ என்று பதிவாயிற்று. நாகமலை புதுக்கோட்டையில் விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிற்பகலில் திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டுப் பெண்களுடன் பூக்கட்டிய ஒருவரின் நாள் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமற்போனது.

கேட்டவர் மீது குறை கூறுவதற்கில்லை. அவர் ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் கேட்டார். பாட்டி தமிழில் புரிந்துகொண்டபடி விடையளித்தார். இருவருக்கும் இடையில் நின்றது ‘தொழில்’ என்னும் சொல். தமிழ் முதுகலை முடித்த மாணவர்கள் சிலர், “நாங்கள் மேற்படிப்பின் மூலம் இத்துறைக்குச் செல்ல இயலுமா?” என்று வினவுவதுண்டு. அவ்வினாவும் அந்தப் படிவமும் உண்மையில் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

துறையைத் தொடங்கியவர்கள்

இத்துறை மருத்துவர்களால் மட்டும் தோற்றுவிக்கப்பட்டதன்று. 1917 மார்ச் மாதத்தில் நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இதற்கென முதற் சங்கம் அமைக்கப்பட்டது. அதனை நிறுவிய அறுவருள் மருத்துவர் வில்லியம் ரஷ் டண்டன் ஒருவரே. ஜார்ஜ் பார்ட்டனும் தாமஸ் கிட்னரும் கட்டடக் கலைஞர்கள். எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப்பணித் துறையினர். சூசன் காக்ஸ் ஜான்சன் கைவினை ஆசிரியர். இசபெல் நியூட்டன் செயலர். பார்ட்டன் தாமே காசநோயாலும் பக்கவாதத்தாலும் துன்புற்றவர். படுக்கையில் கிடப்பவருக்கு மருந்தோடு செய்வதற்கு ஒரு செயலும் வேண்டும் என்பதை அவர் தம் உடலிலேயே கற்றார் எனலாம்.

இந்தியாவில் இத்துறைக் கல்வியைத் தொடங்கியவரும் நேர்வழியில் வந்தவரல்லர். எலிசபெத் லண்டி என்ற இயற்பெயருடன் அமெரிக்காவில் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து பம்பாயில் குடியேறியவர் கமலா நிம்ப்கர். கல்லூரிப் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, நடுவயதில், அவர் பிலடெல்பியாவில் தொழில்வழிச் சிகிச்சை பயின்றார். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியே ஆசியாவில் இத்துறைக்கான முதற் பள்ளியாகக் குறிக்கப்படுகிறது. 1952இல் அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பு தோன்றியபோது அதன் பத்து நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாயிற்று.

வேறு படிப்பு முடித்து, வாழ்க்கையில் சற்று அடிபட்டு, பின்னர் இத்துறைக்கு வந்தவர்களே இதனை வளர்த்தனர் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மேலைநாடுகளின் முதுநிலை நுழைவுமுறையை இப்பின்னணியில் வைத்தே காணவேண்டும்.

முதுநிலைவழி நுழைவு: அங்கும் இங்கும்

பிரிட்டனில் உளவியல், உயிரியல் மட்டுமின்றிக் கலைத்துறைப் பட்டம் பெற்றவரும், உரிய முன்னனுபவத்தைக் காட்டி, ஏறத்தாழ ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பதிவுபெற இயலும். ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய முதுநிலைப் படிப்புகள் உள்ளன. அமெரிக்காவில் 2007 முதல், தொழில்வழிச் சிகிச்சையாளராவதற்கான நுழைவுக் கல்வியே இளநிலைப் பட்டத்துக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. படிப்பின் கால அளவு எதுவாயினும், மேற்பார்வையின்கீழ்க் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்பது உலகக் கூட்டமைப்பின் வரையறை.

தமிழ்நாட்டு நிலை வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களைக் கற்றவர் பி.ஓ.டி. என்னும் இளநிலைப் படிப்பில் சேர்கிறார். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் இது நான்காண்டுப் படிப்பும் ஆறுமாத உள்ளிருப்புப் பயிற்சியுமாக அமைந்து வந்துள்ளது. அதனை முடித்தவரே ஈராண்டு எம்.ஓ.டி. படிப்புக்குத் தகுதியுடையவர். எனவே இங்கு முதுநிலைக் கல்வி என்பது ஏற்கெனவே சிகிச்சையாளரானவர் நரம்பியல், குழந்தைநலம், எலும்பியல், மனநலம் போன்ற ஒரு பிரிவில் ஆழ்ந்து செல்லும் வழியாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். முதலியவை இத்துறைக் கல்வியை நடத்தும் நிறுவனங்களுள் சில.

2021ஆம் ஆண்டின் தேசியத் துணைமருத்துவ, உடல்நலத் தொழிலர் ஆணையச் சட்டம் இத்துறையினரைத் தனிவகையாக ஏற்றது. உடல்நலத் தொழிலர் எனப்படுவோரின் பட்டக்கல்வி மூன்று முதல் ஆறாண்டுக் காலத்தில் 3600 மணி நேரத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. வேறு பட்டத்துடன் அயல்நாடு சென்று ஈராண்டு முதுநிலை முடித்துத் தாயகம் திரும்ப எண்ணுவோர், விண்ணப்பிப்பதற்கு முன்னரே இந்த அளவைக் கருத்திற்கொள்வது நல்லது. விளம்பரத் தாள்களில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஆகவே, தமிழ் முதுகலை மாணவருக்குரிய நேர்விடை ‘இயலாது’ என்பதே. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்திருந்தால் மீண்டும் இளநிலையிலிருந்து தொடங்கலாம். அன்றேல் அயல்நாட்டு வழியையும் அதன் செலவையும் எண்ணிப் பார்க்கலாம். உடற்கூற்றியலும் நரம்பியலும் கல்லாதவரிடம் பக்கவாத நோயாளியின் தோளை ஒப்படைக்க முடியாது. ஆதலின் இவ்விதி காரணமற்றதன்று. ஆயினும் சிகிச்சை அறைக்குள் செல்ல முடியாதவர் அத்துறையின் ஆய்வுக்குள்ளும் செல்ல முடியாது என்று கொள்ள வேண்டியதில்லை.

கை மீண்டது, பிழைப்பு போனது

‘தொழில்’ எனும் கருத்து இத்துறையில் ஏன் மையமாகிறது என்பதை வேலூர் நிகழ்வொன்று தெளிவாக்கும். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் முறையைத் தொடங்கினார். விரல்கள் நிமிர்ந்தன, பொருள்களைப் பற்றவும் முடிந்தது. ஆனால் அறுவை பெற்று வெளியேறிய ஒருவர் சிலகாலம் கழித்துத் திரும்பிவந்து, இந்தக் கைகள் பிச்சையெடுக்க உதவவில்லை என்று முறையிட்டதைப் பிராண்ட் பதிவுசெய்துள்ளார். மடங்கிய கைக்குக் காசு விழுந்தது. நிமிர்ந்த கைக்கு விழவில்லை. தழும்பைக் கண்டு வேலை தருவோரும் இல்லை. இத்தகையோர் தச்சு வேலை முதலியன கற்பதற்கென வேலூரில் புதுவாழ்வு மையம் உருவானதன் பின்னணி இதுவே.

அறுவை மருத்துவம் தன் கடமையைக் குறையின்றிச் செய்தபின்னும் ஒருவரின் வாழ்க்கை குறைபட்டு நிற்கக்கூடும். கை எவ்வளவு மடங்கும், எவ்வளவு விரியும் என்பது ஒரு வினா. அக்கையால் அவர் யாருக்காக என்ன செய்யப்போகிறார் என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவே தொழில்வழிச் சிகிச்சைக்கு உரியது. இயன்முறை மருத்துவத்தினின்று இத்துறையை வேறுபடுத்தும் கோடும், எப்போதும் துல்லியமாக இல்லாவிடினும், ஏறக்குறைய இங்கேதான் செல்கிறது. 1954இல் விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பியதும், 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைந்ததும் இவ்விரண்டாம் வினாவின் தொடர்ச்சியே. அவர் மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் அல்லர். எனினும் அத்துறை தமிழ்நாட்டில் வேரூன்றிய மண் இதுவெனலாம்.

‘தொழில்’: சுருங்கிய ஒரு சொல்

இத்துறைக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைபெறவில்லை. தொழில்வழிச் சிகிச்சை, தொழில்முறை சிகிச்சை, தொழில்சார் சிகிச்சை, செயல்முறை மருத்துவம் எனப் பலவாறு வழங்குகின்றனர். மருத்துவமனைப் பேச்சில் ‘ஓ.டி.’ என்பதே மிகுதி. அது அறுவை அரங்கையும் குறிப்பதால் நோயாளியின் உறவினர் அஞ்சி நிற்பதும் உண்டு.

‘தொழில்’ என்றவுடன் இன்றைய தமிழர் பொருளீட்டும் பணியையே எண்ணுகின்றனர். தொழிற்சாலை, தொழிலாளர், தொழிற்பயிற்சி நிலையம் என்னும் தொடர்கள் அப்பொருளை இறுக்கிவிட்டன. இதனால் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்பதைக் கேட்போர் கூடை முடைதல், மெழுகுவத்தி செய்தல் போன்ற பயிற்சி என்று எண்ணுகின்றனர். கூலி பெறாத பெண்ணும், பள்ளி செல்லும் சிறுவனும், ஓய்வுபெற்ற முதியவரும் தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கருதிவிடுகின்றனர். மதி இறுக்கமுள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தால், “இந்த வயதில் தொழில் எதற்கு?” என்று பெற்றோர் கேட்பதில் வியப்பில்லை. அக்குழந்தையின் தொழில் விளையாட்டு.

இலக்கணம் கற்றவர்க்கு இப்பழைய பொருள் புதிதன்று. உண்ணல், நடத்தல், உறங்கல் ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்கிறோம். அவற்றுக்கும் ஊதியத்துக்கும் தொடர்பில்லை. இறைவனின் ஐந்தொழில் என்பதில் பிழைப்பு என்ற பொருள் அறவே இல்லை. செயல் யாவும் தொழில் என்பதே மரபு. ஆங்கிலத் துறைச்சொல்லும், ஒருவர் தம் நேரத்தையும் கருத்தையும் செலுத்திச் செய்யும் அனைத்தையும் குறிப்பதாகவே துறையினரால் ஆளப்படுகிறது. ஆகவே மொழிபெயர்த்தவர் தேர்ந்த சொல் தவறன்று. அச்சொல்லே வழக்கில் சுருங்கிவிட்டது. ‘செயல்’, ‘வினை’ என மாற்றலாம் என்போர் உண்டு. ‘வினை’ ஊழையும் தீமையையும் நினைவூட்டும். ‘செயல்முறை’ பள்ளி ஆய்வகத்தை நினைவூட்டும். பெயரை மாற்றுவதைவிடக் கேட்கும் கேள்வியை மாற்றுவதே உடனடிப் பயன் தரும் என்று தோன்றுகிறது.

தொழில்முதல்நிலையும் பூக்கட்டுதலும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதல்நிலைகளை எட்டாகத் தொகுக்கிறது: வினை, அதனைச் செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு என்பது, இதுபயன் என்பது. பிற்காலத்து நன்னூல், வினையை விளக்குமிடத்துச் செய்பவன் முதலிய ஆறனைக் கூறுகிறது. இறுதி இரண்டும் அங்கு இடம்பெறவில்லை. வேற்றுமைப் பொருளை விளக்க எழுந்த நூற்பாவுக்கும் மறுவாழ்வு மருத்துவத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவுமில்லை. அவ்வாறு நிறுவ முயல்வதும் வீண். ஆனால் தொழில்வழிச் சிகிச்சை மாணவர் கற்கும் செயற்பகுப்பாய்வில் கேட்கப்படும் கேள்விகளைத் தமிழில் ஒழுங்குபடுத்த இவ்வெட்டும் வியக்கத்தக்க வகையில் உதவுகின்றன.

மதுரைப் பகுதியில் கூலிக்குப் பூக்கட்டும் பெண் ஒருவரைக் கருதுவோம். பக்கவாதத்துக்குப் பின் அவரது வலக்கைப் பிடிப்பு தளர்ந்துள்ளது எனக் கொள்வோம். வினை கட்டுதல். அது ஒற்றைச் செயலன்று. உதிரிப்பூவை இணையிணையாக எடுத்தல், காம்பை ஒழுங்குசெய்தல், நாரைச் சுற்றுதல், முடிச்சை இறுக்குதல் எனப் பிரிந்து நிற்பது. செய்பவர் அவர், தளர்ந்தது வலக்கை எனினும் இடக்கையும் கண்ணும் முதுகும் சேர்ந்தே அவர். செயப்படுபொருள் மல்லிகை மொட்டு. அழுத்தினால் கன்றும், விட்டால் நழுவும். பஞ்சுருண்டையை அழுத்தும் பயிற்சியில் தேர்ந்த விரல் மொட்டை ஏந்தும் என்று உறுதி கூறுவதற்கில்லை. கருவி நனைத்த வாழைநார் அல்லது நூல்; நூல் மெல்லியது, நாரைவிட இறுக்கப் பிடிக்கவேண்டுவது. நிலம் திண்ணை. கால் நீட்டியோ சம்மணமிட்டோ தரையில் அமரும் நிலை அது. மருத்துவமனை மேசையும் நாற்காலியும் அங்கு இல்லை. காலம் மொட்டு விரிவதற்கு முன். மெதுவாகச் செய்தால் போதும் என்று இங்கு ஆறுதல் கூற இயலாது. மலர்ந்தபின் கட்டினால் விலையில்லை.

எஞ்சியவை ‘இன்னதற்கு’, ‘இதுபயன்’ என்னும் இரண்டு. முழக்கணக்கில் கூலி தரும் வணிகருக்காகக் கட்டினால் வேகமும் அளவும் முதன்மை. கோயிலுக்கோ மகளின் தலைக்கோ எனில் இரண்டு முழம் போதும்; நேரமும் மிகுதி. பயன் கூலியாக இருக்கலாம். அன்றாடம் நான்கு பெண்கள் கூடிப் பேசும் பேச்சாகவும் இருக்கலாம். பின்னதே பெரிது எனில், கை முழுதும் தேறும்வரை காத்திராமல், பூவை எண்ணிப் பிரித்துக் கொடுக்கும் பணியையேனும் மேற்கொண்டு அவர் திண்ணைக்குத் திரும்பலாம். ஒரே கை, ஒரே செயல். இறுதி இரண்டு கேள்விகளின் விடையால் சிகிச்சைத் திட்டமே மாறிவிடுகிறது. முதுநிலைக் கல்வி இளநிலையினின்று வேறுபடவேண்டிய இடமும் இதுவே.

அளவுகோல்களின் தமிழ்

முதுநிலை மாணவர் ஆய்வேடு எழுதவேண்டும். அதற்கு அளவுகோல் வேண்டும். உலகெங்கும் ஆளப்படுவனவற்றுள் 1965இல் வெளியான பார்த்தெல் குறியீடு ஒன்று. உண்ணல், குளித்தல், உடுத்தல், படியேறல் முதலிய பத்துச் செயல்களில் ஒருவர் பிறர் துணையின்றி இயங்கும் அளவை அது 100 மதிப்பெண்ணுக்குள் காட்டும். உண்ணலில் துணை வேண்டுவோர்க்கு அதன் மூலவடிவம் தரும் எடுத்துக்காட்டு உணவை வெட்டுதலும் வெண்ணெய் தடவுதலும் ஆகும். சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, அள்ளி, உருட்டிப் பெருவிரலால் வாய்க்குள் தள்ளும் கைக்கு அவ்வெடுத்துக்காட்டு பொருந்தாது.

இடர்ப்பாடு இதோடு நிற்பதில்லை. வலக்கை செயலிழந்தால் இடக்கையைப் பழக்கு என்பது பாடநூல் தரும் எளிய அறிவுரை. தமிழ் வீட்டில் இடக்கைக்கு வேறு பணி வகுக்கப்பட்டுள்ளது. அக்கையால் உண்பதைப் பிறர் காண நேர்வது பலருக்கு நோயைவிடப் பெருந்துன்பம். என் அப்பத்தா கரண்டியைப் பிடிக்க விரைவில் கற்றுக்கொண்டார். ஆனால் பந்தியில் அமர்வதை விட்டுவிட்டார். உண்ணலுக்கு அவர் முழு மதிப்பெண் பெற்றிருக்கக்கூடும். திருமண வீட்டுக்குச் செல்லாமற்போனதற்குக் கட்டமில்லை.

நோயாளியே தமக்கு வேண்டிய செயல்களைக் கூறி, அவற்றின் இன்றியமையாமையையும் செய்யும் திறனையும் மனநிறைவையும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் முறை கனடாவில் உருவாக்கப்பட்டுப் பரவியுள்ளது. இது அப்பத்தாவைப் போன்றோருக்கு ஏற்றது. ஆயினும் எண்ணில் மதிப்பிடுமாறு கேட்டால் தமிழ் முதியவர் பலர், “எல்லாம் பரவாயில்ல” என்று முடித்துவிடுவர். அணாக்கணக்கில் கேட்டால் விடை தெளிவுறக்கூடும். ‘ரூபாய்க்கு எத்தனை அணா தேறியிருக்கு?’ என்பது அவர்கள் தலைமுறைக்குப் பழகிய அளவை.

மொழிபெயர்ப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாடு, ஒருவரால் இயல்வது வேறு, தம் சூழலில் அவர் உண்மையில் செய்வது வேறு எனப் பிரிக்கிறது. “சேலை கட்டிக்க முடியுமா?” என்ற கேள்விக்கு “முடியும்” என்பார் பாட்டி. “தினமும் நீங்களே கட்டிக்கிறீங்களா?” என்றால் “மருமகள் கட்டிவிட்டுருவா” என்பார். இரண்டும் உண்மை. ‘தாங்கள் ஆடை அணிவதில் இடர்ப்பாடு உள்ளதா?’ என்று எழுத்துத்தமிழில் அச்சிட்ட வினா இரண்டையும் பிடிப்பதில்லை. முன்மொழிபெயர்ப்பு, மீள்மொழிபெயர்ப்பு என்னும் முறைகள் சொற்பொருள் பிறழாமையைக் காக்கும். ஒரு வட்டாரத்து முதியவர் அவ்வினாவைக் கேட்டு என்ன எண்ணுவார் என்பதைக் காட்டா. அதைக் காட்டவல்லவர் பேச்சுத்தமிழையும் வட்டார வழக்கையும் ஆய்ந்த தமிழ்த்துறையினரே.

எம்.ஓ.டி. ஆய்வேட்டின் குழுவில் தமிழ்த்துறையினர் ஒருவரை இணை அறிவுரையாளராக அமர்த்துவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. தமிழ்த்துறை முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் அன்றாடச் செயல்களுக்குரிய வட்டார வினைச்சொற்களைத் தொகுப்பதும் எளிதே. நாகமலை புதுக்கோட்டை, கீழக்குயில்குடிப் பகுதியில் அத்தகைய தொகுப்பு ஒன்றை நான் தொடங்கியுள்ளேன். “என்ன தொழில்?” என்று கேட்பதில்லை. “காலையில எந்திரிச்சதுலருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செய்வீங்க?” என்று கேட்கிறேன். ‘சும்மாதேன் இருக்கேன்’ என்று தொடங்குவோரும், வாசல் தெளிப்பதிலிருந்து சொல்லத் தொடங்கினால், நண்பகலை எட்டவே நெடுநேரம் ஆகிறது.